வாசகர் கேள்வி – பதில்: டீசல் எஞ்சின் மாற்றும்போது எந்தப் பல்விகிதம்?

கேள்வி: தேயிலைத் தோட்டமொன்றில் ஓடிய லேண்ட் ரோவர் சீரிஸ் 3, 88 அங்குல வண்டியை வாங்கியிருக்கிறேன். அதிலுள்ள பழைய 2.25 லிட்டர் டீசல் எஞ்சினை எடுத்துவிட்டு, டிஸ்கவரியிலிருந்து கழற்றிய 200 டிடிஐ டர்போ டீசல் எஞ்சினை வைக்கப் போகிறேன். டயர் 7.50-16. ஒரு கராஜ்காரர், ரேஞ்ச் ரோவரின் 3.54 டிஃபரென்ஷியலையும் ஓவர்டிரைவையும் சேர்த்தே போடச் சொல்கிறார். இன்னொருவர், எல்டி77 கியர்பாக்ஸையும் எல்டி230 டிரான்ஸ்ஃபர் கேஸையும் முழுதாக வைத்துவிடலாம் என்கிறார். தினமும் தோட்டப் பாதையில் சுமையோடு ஓட்டம். வாரம் ஒரு முறை கண்டிக்குப் போய் வருவேன். எது சரி?
– வாசகர், நுவரெலியா

பதில்: இரண்டும் வேண்டாம் என்பதே என் கருத்து. ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும்; எந்த உதிரிப்பாகத்துக்கும் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அதை நீங்களே போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

டயரின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, வழக்கமான சுமையோடு சமதரையில் வண்டியைச் சக்கரம் ஒரு சுற்று சுற்றும் வரை தள்ளி, அந்தத் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். 7.50-16 டயருக்கு அது ஏறத்தாழ 2.45 மீட்டர் வரும். எஞ்சின் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றினால் ஒரு மணி நேரத்தில் 60,000 சுற்று; அதை 2.45 ஆல் பெருக்கினால் 147 கி.மீ. இந்த 147ஐ, கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (ஓட்டத்தை முன், பின் ஆக்ஸில்களுக்கு அனுப்பும் பெட்டி; சாலைக்கு ஹை, கடினமான பாதைக்கு லோ என இரண்டு நிலை உண்டு), டிஃபரென்ஷியல் (ஆக்ஸிலில் இருக்கும் கடைசிப் பற்சக்கரக் கூட்டு) ஆகிய மூன்றின் விகிதங்களையும் பெருக்கி வரும் மொத்த விகிதத்தால் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது) வகுத்தால், 1000 சுற்றுக்கு வண்டி மணிக்கு எத்தனை கி.மீ. ஓடும் என்பது கிடைத்துவிடும்.

உங்கள் வண்டியில் டாப் கியர் 1.00, டிரான்ஸ்ஃபர் கேஸின் ஹை 1.148, டிஃபரென்ஷியல் 4.7. பெருக்கினால் 5.40, அதாவது 1000 சுற்றுக்கு 27 கி.மீ. இப்படியே விட்டால் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் எஞ்சின் 2900 சுற்றுக்கு மேல் ஓட வேண்டியிருக்கும். பழைய எஞ்சினுக்கு இந்த விகிதம் தேவைப்பட்டது. 62 குதிரைத்திறனும் 140 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் கொண்ட எஞ்சினுக்கு வேறு வழி கிடையாது. டிஸ்கவரியின் 200 டிடிஐ எஞ்சினோ 1800 சுற்றிலேயே 265 நியூட்டன் மீட்டர் தருகிறது. ஆகவே சாலையில் வழக்கமாகப் போகும் வேகத்தில் எஞ்சினை 1800க்குச் சற்று மேலே, 2000க்கும் 2500க்கும் நடுவில் ஓட வைத்தால் போதும். இரைச்சலும் குறையும், டீசலும் மிஞ்சும்.

இப்போது முதல் கராஜ்காரரின் யோசனையைக் கணக்கில் வைத்துப் பாருங்கள். 3.54 டிஃபரென்ஷியலை மட்டும் போட்டால் மொத்த விகிதம் 4.06, மணிக்கு 80 கி.மீ. வேகம் 2200 சுற்றில் வந்துவிடும். அது நன்றாகவே இருக்கிறது. அதன் மேல் 0.782 ஓவர்டிரைவையும் (எந்தக் கியரையும் சற்று உயர்த்தித் தரும் துணைக் கியர்பெட்டி) சேர்த்தால் விகிதம் 3.18 ஆகி, அதே வேகத்தில் எஞ்சின் சுமார் 1730 சுற்றுக்கு இறங்கிவிடும். முறுக்குவிசையின் உச்சத்துக்கும் கீழே, கட்டையான முகப்புள்ள ஒரு வண்டியைக் காற்றை எதிர்த்துத் தள்ளும்படி எஞ்சினைக் கேட்கிறீர்கள். சின்ன ஏற்றம் வந்தாலும் ஓவர்டிரைவை விலக்க வேண்டியிருக்கும். காசு கொடுத்து வாங்கிய கியர் ஒன்று பெரும்பாலும் சும்மா கிடக்கும்.

நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரத்தில் இருப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ அழுத்தம் ஏறிய பிறகு இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் 1000, 1200 சுற்றில், டர்போ இன்னும் விழிக்காத நிலையில், சுமையோடு ஏற்றத்தில் கிளட்சை விடும்போது நன்றாகத் தெரியும். சமவெளியில் ஒருவருக்குச் சரியாக அமைந்த உயர்விகிதம் (எண் சிறியது, வேகம் கூடியது) உங்களுக்குக் கிளட்ச் தகட்டைத் தின்னும் விகிதமாக மாறுவது இதனால்தான்.

3.54 டிஃபரென்ஷியலைத் தனியாகப் போட்டாலும் நான் தயங்குவதற்குக் காரணம் லோ கியர். விகிதத்தை மாற்ற வண்டியில் மூன்று இடங்கள் இருக்கின்றன என்றாலும், மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை. டிஃபரென்ஷியலை மாற்றினால் ஹை, லோ, ரிவர்ஸ் என்று எல்லாமே ஒரே அளவில் மாறும். கியர்பாக்ஸை மாற்றினால் படிகளுக்கு இடையிலுள்ள இடைவெளி மாறும். டிரான்ஸ்ஃபர் கேஸில் மட்டும்தான் ஹையும் லோவும் தனித்தனியாகப் பிரிகின்றன. உங்கள் குறை ஹையில் இருக்கிறதே தவிர, லோவில் எந்தக் குறையும் இல்லை. சீரிஸ் 3இன் லோ முதல் கியரின் மொத்த விகிதம் 3.68, 2.35, 4.7 மூன்றையும் பெருக்க 40.7 வருகிறது, 1000 சுற்றில் வண்டி மணிக்கு 3.6 கி.மீ. ஊரும். 3.54 போட்டால் அது 30.6 ஆகக் குறைந்து, வேகம் 4.8 கி.மீ. ஆகிவிடும். ஏறும்போது புது எஞ்சினின் பலம் இதை ஈடுகட்டிவிடும். இறங்கும்போது ஈடுகட்ட ஒன்றுமில்லை. மழையில் நனைந்த தோட்டப் பாதையில், பின்னால் கொழுந்து மூட்டைகளோடு, பிரேக்கைத் தொடாமல் எஞ்சின் பிடிமானத்திலேயே இறங்குகிறவருக்குக் கால் பங்கு விகிதம் போவது பெரிய இழப்பு.

3.54க்கு ஆதரவாக ஒன்று சொல்லியாக வேண்டும். 88 அங்குல வண்டியின் பத்துப் பல் ஆக்ஸில் ஷாஃப்ட் பெயர் பெற்ற பலவீனம். உராய்வு இழப்பை விட்டுவிட்டால், பழைய எஞ்சின் லோ முதல் கியரில் ஆக்ஸிலுக்கு அனுப்பக்கூடிய உச்ச முறுக்குவிசை சுமார் 5,700 நியூட்டன் மீட்டர். புது எஞ்சினோடு 4.7ஐ வைத்துக்கொண்டால் அது 10,770, 3.54 என்றால் 8,100. நடைமுறையில் இந்த அளவு முழுவதும் ஷாஃப்டுக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே டயர் வழுக்கிவிடும் என்றாலும், சேற்றில் சுழன்றுகொண்டிருக்கும் சக்கரம் திடீரெனக் கல்லைக் கவ்வும் கணத்தில் ஷாஃப்ட் முறிவதுண்டு. 4.7ஐ வைத்துக்கொள்வதென்றால், லோ முதல் கியரில் மிதியை மெதுவாகத்தான் கையாள வேண்டும்; பாதை அனுமதிக்கும் இடங்களில் லோ இரண்டாவது கியரிலேயே கிளம்பிப் பழகுவது ஷாஃப்டின் ஆயுளைக் கூட்டும்.

இரண்டாமவரின் எல்டி230 யோசனை விகிதக் கணக்கில் மிக அழகானது. அதன் ஹை விகிதம் 1.22 உள்ள டிஸ்கவரி வகையை எடுத்து, ஐந்தாவது கியர் 0.77 உள்ள கியர்பாக்ஸோடு, உங்கள் 4.7 டிஃபரென்ஷியலையே வைத்துக்கொண்டால், டாப் 4.42 வரும், மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் 2400 சுற்று. லோவும் இப்போதிருப்பதைவிட ஆழமாகிவிடும். தடை வேறோர் இடத்தில் இருக்கிறது. எல்டி230 எப்போதும் நான்கு சக்கரங்களையும் ஓட்டுகிற அமைப்பு. சீரிஸ் வண்டியின் முன் ஆக்ஸில் முனையில் இருப்பதோ சாதாரண யுனிவர்சல் ஜாயிண்ட். ஸ்டீயரிங்கைத் திருப்பிய நிலையில் அது சீராகச் சுழலாது. தேவைப்படும்போது மட்டும் முன்சக்கர ஓட்டத்தைப் போடும் பழைய முறையில் இது பொறுத்துக்கொள்ளத் தக்கது. கண்டி வழியிலுள்ள றம்பொடை வளைவுகளில் நாள் முழுதும் என்றால் ஸ்டீயரிங் கையை உதறும், ஜாயிண்டும் விரைவில் தேயும். அதற்குப் பிறகு முன் ஆக்ஸிலை மாற்று, சேஸிஸின் குறுக்குச் சட்டத்தை வெட்டி ஒட்டு, பின் ஷாஃப்டைக் குறுக்கு என்று வேலை நீண்டுகொண்டே போகும். 200 டிடிஐயின் பெரிய வசதியே, அது பழைய 2.25 எஞ்சின் வம்சத்தில் வந்தது என்பதால் உங்கள் கியர்பாக்ஸின் முன்கூட்டோடு அதிகச் சிரமமின்றிப் பொருந்துவதுதான். அந்த வசதியை ஏன் கைவிட வேண்டும்?

ஆகவே உங்கள் இடத்தில் நான் இருந்தால், கியர்பாக்ஸையும் 4.7 டிஃபரென்ஷியலையும் தொடாமல், ஓவர்டிரைவ் ஒன்றை மட்டும் சேர்ப்பேன். டாப் 4.22 ஆகும், மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் சுமார் 2300 சுற்று. மலைப்பாதையில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு: மூன்றாவது கியரின் 1.50க்கும் டாப்பின் 1.00க்கும் நடுவில், மூன்றாவதோடு ஓவர்டிரைவைச் சேர்த்தால் 1.17 என்று ஒரு புதுப் படி கிடைக்கிறது. மூன்றாவதில் கத்துகிறது, டாப்பில் இழுக்கவில்லை என்கிற ஏற்றங்களுக்கு அந்தப் படிதான் மருந்து. ஆனால் ஃபேரி நிறுவனத்தின் ஓவர்டிரைவ் பழைய எஞ்சின்களின் பலத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. மிதியை முழுதாக அழுத்தி ஏறும்போதும், லோவில் இருக்கும்போதும் அதை விலக்கிவிட வேண்டும். அதற்கென்று தனியாக இருக்கும் சொற்ப எண்ணெயை அடிக்கடி பார்த்துக்கொள்ளவும் வேண்டும். நல்ல நிலையில் ஓவர்டிரைவ் கிடைக்காவிட்டால், சீரிஸ் டிரான்ஸ்ஃபர் கேஸின் ஹை பற்சக்கரங்களை மட்டும் உயர்த்தித் தரும் செட்டைத் தேடுங்கள். முதல் கியரும் சேர்ந்து உயர்ந்துவிடும் என்பது அதன் குறை. செங்குத்தான இடத்தில் சுமையோடு கிளம்ப லோவைப் போட வேண்டியிருக்கும்.

கேள்வி: 1995ஆம் ஆண்டு டிஃபெண்டர் 110, 300 டிடிஐ எஞ்சின், ஆர்380 கியர்பாக்ஸ் வைத்திருக்கிறேன். டயர் 235/85 ஆர்16. நெடுஞ்சாலையில் எஞ்சின் மிகவும் இரைகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸை 1.41இலிருந்து டிஸ்கவரியின் 1.22க்கு மாற்றினால் மலையேறும் திறன் போய்விடுமா? கோடையில் குடும்பத்தோடு, பின்னால் இழுவை வண்டியும் கோத்துக்கொண்டு, லேக் டிஸ்ட்ரிக்ட் போவது வழக்கம்.
– வாசகர், ஹாரோ, லண்டன்

பதில்: லோ கியரின் திறன் கொஞ்சமும் போகாது. எல்டி230இல் ஹை விகிதம் 1.19, 1.22, 1.41, 1.67 என எதுவாக இருந்தாலும் லோ 3.32தான். உங்கள் லோ முதல் கியரின் மொத்த விகிதம் 43க்குச் சற்று மேல். மாற்றிய பின்பும் அதே 43தான். லேக் டிஸ்ட்ரிக்டில் மூன்றடிக்கு ஓரடி ஏறும் ஹார்ட்நாட் கணவாயை இன்று எப்படி ஏறுகிறீர்களோ, அப்படியே ஏறலாம்.

மாறப்போவது ஹை. உங்கள் டயரின் சுற்றளவும் மேலே சொன்ன 2.45 மீட்டரை ஒட்டியே வரும். இப்போது ஐந்தாவது கியரில் மொத்த விகிதம் 3.85, மணிக்கு 70 மைல் வேகத்தில் எஞ்சின் 2950 சுற்று ஓடுகிறது. 1.22 போட்டால் விகிதம் 3.33 ஆகி, அதே வேகம் 2550இல் வந்துவிடும். காதுக்கு இந்த 400 சுற்று பெரிய நிம்மதி.

இழுவை வண்டிதான் யோசிக்க வைக்கிறது. ஹை முதல் கியர் 18.4இலிருந்து 16.0 ஆகக் குறைவதால், ஏற்றத்தில் நிறுத்திக் கிளம்பும்போது கிளட்ச் அதிகம் வழுக்க வேண்டியிருக்கும். நெடுஞ்சாலையின் நீண்ட ஏற்றங்களில் ஐந்தாவது நிற்காமல் நான்காவதுக்கு இறங்குவீர்கள். அந்த நான்காவதில் 4.33 விகிதத்தோடு மணிக்கு 60 மைல் வேகத்தில் சுமார் 2840 சுற்று வரும். அதை எஞ்சின் வசதியாகவே இழுக்கும். இன்றைக்கே, 1.41 இருக்கும்போதே, இழுவை வண்டியோடு அடிக்கடி நான்காவதுக்கு இறங்க வேண்டியிருக்கிறது என்றால், 1.22இல் ஐந்தாவது கியர் இல்லாத வண்டியாகத்தான் அந்த விடுமுறை கழியும். ஆண்டில் இரண்டு வாரம் இழுவை, மற்ற நாளெல்லாம் வெறும் வண்டி என்றால் தாராளமாக மாற்றுங்கள். வாராவாரம் இழுப்பவர் என்றால் 1.41ஐ விட வேண்டாம். அந்தப் பணத்தை ஒலித்தடுப்பு விரிப்புக்குச் செலவிடலாம்.

கேள்வி: பழைய பெட்ரோல் சிஜே-3பி ஜீப்புக்கு டீசல் எஞ்சின் வைக்க நினைக்கிறேன். அதிகச் சுற்று ஓடாத, 2400 சுற்றில் வசதியாக ஓடும் எஞ்சின். மூன்று கியர் டி-90 பாக்ஸ், டிஃபரென்ஷியல் 5.38. கிரவுன்-பினியனை மாற்றினால் போதுமா?
– வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: போதாது. 6.00-16 டயருக்குச் சுற்றளவை 2.2 மீட்டர் என்று வைத்தால், 1000 சுற்றுக்கு 24.5 கி.மீ. பெட்ரோல் எஞ்சின் 4000 சுற்று வரை போகும் என்பதால் அப்போது இது குறையாகத் தெரியவில்லை. உங்கள் டீசலுக்கு 2400 சுற்றில் 59 கி.மீ. வேகம்தான் கிடைக்கும். 4.27 கிரவுன்-பினியன் (டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் பற்சக்கர ஜோடி) போட்டால் அது 74 ஆகும். அதற்கு விலையாக, லோ முதல் கியர் 37இலிருந்து 29 ஆகக் குறையும்.

ஆனால் உங்கள் வண்டியின் உண்மையான சிக்கல் கியர்பாக்ஸின் படிகளில் இருக்கிறது. டி-90இல் முதல் கியர் 2.80, இரண்டாவது 1.55, மூன்றாவது 1.00. இரண்டாவதில் 2400 வரை ஏற்றி மூன்றாவதைப் போட்டால் எஞ்சின் சுமார் 1550க்கு விழும். ஓட்ட வீச்சு குறுகிய டீசலுக்கு, மலைச்சாலையில், இந்தப் பள்ளம் தாங்காது. மூன்றாவதில் தடுமாறி இரண்டாவதுக்கே திரும்பிக்கொண்டிருப்பீர்கள். நான்கு கியர் பாக்ஸுக்கு வழி பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு டிஃபரென்ஷியலைப் பற்றி முடிவு செய்யுங்கள். டிஃபரென்ஷியலை மாற்றினால் முன்னும் பின்னும் ஒரே விகிதமாக மாற்ற வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்லி வைக்கிறேன். பின்புறத்தை மட்டும் மாற்றிவிட்டு நான்கு சக்கர ஓட்டத்தைப் போட்டால் இரண்டு ஆக்ஸில்களும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஏதோ ஒன்று உடையும்.

இதையெல்லாம் விட முன்னதாக, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய் வாருங்கள். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் குறித்துத் தந்து பதிவுச் சான்றில் ஏறியிருக்கும் விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்ற முடியாது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை அழுத்தமாகவே சொன்னது. எரிபொருள் வகையும் எஞ்சின் எண்ணும் சான்றில் இருப்பவை. எழுத்தில் அனுமதி கிடைக்கும் என்று தெரிந்த பிறகு எஞ்சினுக்கு விலை பேசினால் போதும்.

கேள்வி: பழைய பாகக் கடையில் கிடக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் டிஃபரென்ஷியலும் என்ன விகிதம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? மாற்றிய பிறகு ஸ்பீடாமீட்டர் சரியாகக் காட்டுமா?
– வாசகர், திருச்சி

பதில்: கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம், சுற்றி எண்ணிப் பாருங்கள். எல்டி230 தரையில் கிடந்தால், ஹையில் போட்டு, நடு டிஃபரென்ஷியலைப் பூட்டிவிட்டு, வெளிப்புற ஃபிளாஞ்சில் (புரொப்பெல்லர் ஷாஃப்ட் பொருந்தும் தட்டு) ஒரு பெயின்ட் பொட்டு வையுங்கள். உள்ளே வரும் ஷாஃப்டைச் சுற்ற, ஃபிளாஞ்ச் பத்து முறை சுற்றி முடிக்கும்போது உள்ளே பன்னிரண்டேகால் வாக்கில் வந்தால் 1.22, பதினான்கைத் தாண்டினால் 1.41. ஒரே ஒரு சுற்றை வைத்து முடிவு செய்தால் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

வண்டியில் இருக்கும் பின் டிஃபரென்ஷியல் என்றால், ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, அதை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். மறுபக்கச் சக்கரம் தரையில் நிற்பதால், இந்த இரண்டு சுற்றுதான் கிரவுனின் ஒரு சுற்றுக்குச் சமம். அதற்குள் புரொப்பெல்லர் ஷாஃப்ட் நான்கரையைத் தாண்டிச் சுற்றினால் 4.7, மூன்றரையை ஒட்டி நின்றால் 3.54.

ஸ்பீடாமீட்டர் கேபிள் இந்தப் பழைய லேண்ட் ரோவர்களில் டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளிப்புற ஷாஃப்டிலிருந்து எடுக்கப்படுகிறது. எனவே கியர்பாக்ஸையோ, டிரான்ஸ்ஃபர் கேஸின் ஹை விகிதத்தையோ மட்டும் மாற்றினால் முள் பிசகாது. டிஃபரென்ஷியலை 4.7இலிருந்து 3.54க்கு மாற்றினால் பிசகும். அதுவும் ஆபத்தான பக்கமாக. நிஜத்தில் மணிக்கு 80 கி.மீ. போகும்போது முள் 60இல் நிற்கும். வேறு டயர் போட்டாலும் முள் மாறும். ஆகவே டிஃபரென்ஷியல் மாற்றும் செலவில் மீட்டரைத் திருத்தும் செலவையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.

சக்கரத்தைத் தூக்கி எண்ணும்போது ஒரு எச்சரிக்கை. இந்தப் பழைய லேண்ட் ரோவர்களின் ஹேண்ட்பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம் புரொப்பெல்லர் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. ஷாஃப்ட் சுற்ற வேண்டுமானால் அதை விடுவித்து, டிரான்ஸ்ஃபர் கேஸையும் நியூட்ரலில் வைத்தாக வேண்டும்; அந்த நிலையில் வண்டியைப் பிடித்து நிறுத்த எதுவுமே இல்லை. தரையில் நிற்கும் மூன்று சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு ஜாக்கியை வையுங்கள்.